பள்ளத்தில் போட்ட கூடாரம்

வளைகுடாவிலிருந்து லீவுக்கு வரும் கணவன்மார் சென்ட், டார்ச், பாதாம் பருப்பு என்று கொண்டு வருவார்கள். என்னுடையவர் போன வருஷம் மே மாதம் ஒரு கூடாரம் கொண்டு வந்தார். இருவர் படுக்கும் கூடாரம். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கூப்பிடுகிறது. சரியென்றால் ஆனி மாதமே கிளம்ப வேண்டும்.

"நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன். ஒவ்வொரு லீவு முடியும்போதும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் படிப்பு, வீடு என்று அப்போதெல்லாம் வேறு சொல்ல வழியில்லை. இப்போது மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், மகன் வேலையில் இருக்கிறான். ஆனாலும் வாயில் வந்தது அதேதான். கெஞ்சிக் கேட்டா ஒரு மனுஷனை வீட்டில் வைத்துக்கொள்வது என்ற வீம்பு எனக்கு.

வீம்புக்குக் காரணமும் இருந்தது. லீவுக்கு வந்தால் அவர் கட்டிலின் ஓரத்தில், சுவரோடு ஒட்டி ஒருக்களித்துத்தான் படுப்பார். பாதிக் கட்டில் சும்மா கிடக்கும். மனுஷனுக்கு என் பக்கத்தில் வரப் பிடிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். கேட்டதில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

"ரெண்டு நாளு வயக்காட்டுப் பக்கமா சைக்கிள்ல சுத்திட்டு வருவோம், வாறியா?" என்றார். அவருக்குப் புதிய கியர் சைக்கிள். எனக்கு, மகள் பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய இலவச சைக்கிள். நெய்யூர்ப் பக்கம் எங்கள் வீடு. ரோடு முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். கோட்டாறு வரைக்கும் அவர் முன்னால் பறந்தார். நான் ஏற்றத்தில் எல்லாம் இறங்கி, திட்டிக்கொண்டே உருட்டினேன். தாழக்குடிப் பக்கம் வயல் தொடங்கியதும் நிலம் சமமாகிவிட்டது. பாசனச் சானலின் கரையில் அவர் வேகத்தைக் குறைத்து என்னோடு சேர்ந்து ஓட்டினார். இத்தனை வருஷம் நாங்கள் பேசியதெல்லாம் போனில். இப்படிப் பக்கத்தில் இருந்து, வெண்டைக்காய் விலையையும் வாத்துக்கூட்டத்தையும் பற்றிப் பேசுவது எனக்குப் புதிதாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அறுப்பு முடிந்து வெறும் தாள் நின்ற ஒரு வயலைப் பார்த்து நின்றோம். வயல்காரரின் மனைவி பசுவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி அங்கே கூடாரம் போட அனுமதி கேட்டதும் எங்கள் நரைத்த தலைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"தாராளமாக் கெடங்க. வீட்டுல சண்ட ஒண்ணும் இல்லியே?"

என்னவர் வயலின் தாழ்ந்த மூலையில் கூடாரத்தை விரித்தார். "மேட்டுல போடுங்க" என்றேன்.

"மேட்டுல காத்து தூக்கிரும். பாலைவனத்துல நாங்க பள்ளம் பாத்துத்தான் போடுவோம்."

அங்கே விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், குளிர்காலத்தில் நண்பர்களோடு போய்ப் பழகியவர். அனுபவஸ்தர் சொன்னால் கேட்காமல் முடியுமா?

சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்தது. இடி ஒன்று விழுந்ததுதான் தெரியும், கோடைமழை கொட்டித் தீர்த்தது. வயலின் தண்ணீரெல்லாம் பள்ளம் பார்த்து எங்களிடம் வந்தது. போர்வையையும் பையையும் தலையில் வைத்துக்கொண்டு வயலோரத்து மோட்டார் அறைக்கு ஓடினோம். பின்னாலேயே வயல்கார அம்மா குடையும் கருப்பட்டிக் காப்பியுமாக வந்தார். "இந்த மழைக்கு நாங்க தவங் கெடந்தோம். நீங்க நேரா அதுக்குள்ளயே போய்ப் படுத்திட்டியளே" என்று சிரித்துவிட்டு, காய்ந்த சாக்குகளைத் தரையில் விரித்துக் கொடுத்துப் போனார்.

மோட்டார் போக மிஞ்சிய இடம் ஒரு பாய் அகலம்தான் இருக்கும். அதிலும் இவர் படுத்தவுடன் சுவரோரம் ஒதுங்கி ஒருக்களித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்கயும் ஓரமா? நான் என்ன, உங்களக் கடிச்சுத் தின்னுருவேனா?"

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் எதைச் சொல்கிறேன் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அங்க ரூம்ல அடுக்குக் கட்டிலு, மேல் கட்டில் எனக்கு. பொரண்டா கீழ விழணும். சுவரப் பிடிச்சுப் படுத்துப் படுத்து... இங்கயும் அப்படியா படுக்கேன்? எனக்கே தெரியாதே, ஏட்டி."

அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் நான் மனதுக்குள் வைத்துப் புழுங்கியது, விழுந்துவிடுவோமோ என்று ஒரு மனிதன் தூக்கத்திலும் பயந்த பயம்.

"இனி போவாண்டாம்" என்றேன். "நீங்க இங்க இருக்கணும். எனக்கு நீங்க வேணும்."

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டாம் தடவை சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

விடிந்ததும் டிராக்டர் வந்துவிட்டது. ஈரம் காயுமுன் உழுதுவிட வேண்டுமாம். நாங்கள் கூடாரத்தைப் பிடுங்கி, சேற்றைச் சானலில் அலசிக்கொண்டிருந்தோம். கரையில் நின்ற வயல்கார அம்மாவிடம் இவர் கேட்டார்:

"இனி வெதச்சா எப்பம் அறுப்பு வரும்?"

"ஆவணியில அறுக்கலாம்."

அவர் கூடாரத்தின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, மறுமுனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்.

"அப்பம் ஆவணியில அறுப்பு பாக்க வருவோம். அந்தத் தடவ மேட்டுல போடுவோம், கேட்டியா?"

"ஆவணியிலயா?"

"ஆமா. நீதானே போவாண்டாம்னு சொன்ன?"

கண்ணைத் துடைக்கக் கையில்லை. கூடாரத்தை விட்டால் சேற்றில் விழும்.

"அதுக்கு முந்தி வீட்டுக் கட்டில்ல நடுவுல படுத்துப் பழகுங்க" என்றேன்.