முத்தலிப் பாஸ் சாத்திய கதவு

மாத்தளையில் முத்தலிப் பாஸைக் கள்ளன் என்று முதலில் சொன்னவன் நான்தான். அதைச் சொல்லிவிட்டே அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ நல்ல மனிதன் என்று நினைத்துவிடுவீர்கள்.

பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவர்; இவர் வாகன மெக்கானிக். மாத்தளைக் கொங்காவெலையில் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் அவருடையது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் லொறிப் பட்டறையில் தொழில் பழகியவர். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, எண்ணெய் படிந்த சாரம். பேச்சு மிகக் குறைவு. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. குறைவாகப் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அந்த நாளில் என் முடிவு. "உங்களுக்கு உங்கட நிழலிலயும் சந்தேகம்" என்பாள் என் மனைவி நேசம்மா.

எனக்குக் காணிக் கந்தோரில் உத்தியோகம். மாதம் நாலைந்து தடவை லக்கலப் பக்கம் போகவேண்டும். அந்தப் பாதையில் பஸ்ஸை நம்பினால் யானையோடுதான் இரவு தங்கவேண்டி வரும் என்று ஒரு பழைய ஒஸ்டின் கார் வைத்திருந்தேன். அறுபத்து நான்காம் ஆண்டு, ஏற்றங்களில் அதன் எஞ்சினுக்கு அடியில் 'டொக் டொக்' என்று தட்டத் தொடங்கியது. முத்தலிப் பாஸ் எதையும் திறக்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பெயாரிங் போயிட்டு ஐயா" என்றார். திறக்காமலே சொல்கிறாரே என்று எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே விழுந்தது.

விஷயம் இதுதான். எஞ்சினுக்குள்ளே கிராங் என்றொரு தண்டு சுழல்கிறது. அதை இரண்டிரண்டாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிறை வடிவத் தகடுகள் இருக்கும். ஷெல் என்பார்கள். என் காருக்கு எட்டு ஷெல். தண்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவே மயிரளவு எண்ணெய் ஓடும். அவ்வளவுதான் இடைவெளி. தண்டு தேய்ந்துவிட்டதால் அதைக் கண்டிக்கு அனுப்பிக் கடைந்து, அதற்கேற்ற தடித்த ஷெல்லாகப் போடவேண்டும் என்றார் பாஸ். உதிரிப் பாகங்கள் கப்பலில் வருவதே அபூர்வமான காலம். கொழும்பில் மூன்று கிழமை அலைந்து, கண்டவனையெல்லாம் கெஞ்சி, அந்த எட்டையும் வாங்கி வந்தேன்.

வாங்கி வந்தவுடன் பயம் பிடித்துக்கொண்டது. இவர் புதியதை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, எவனோ கழற்றிப்போட்ட பழையதை என் காரில் பூட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? படம் கீறும் கவராயத்தை எடுத்து, எட்டு ஷெல்லின் முதுகிலும், ஓரமாக, 'த' என்று மெல்லக் கீறினேன். தர்மராஜா என்ற என் பெயரின் 'த'. நேசம்மா பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பெயாரிங் பூட்டும் நாளில் முத்தலிப் பாஸ் தரைக்குத் தண்ணீர் தெளித்தார். இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். பிறகு கராஜின் தகரக் கதவைச் சாத்தப் போனார்.

"ஏன் பாஸ் கதவைச் சாத்திறியள்?"

"தூசி ஐயா. ரோட்டுத் தூசி ஒரு பொட்டு உள்ள போனாலும் வேல முடிஞ்சி. பெயாரிங் போடுற நாள் நான் யாரையும் உள்ள எடுக்கிறல்ல."

நான் வெளியே நின்றேன். நின்றேன் என்ன, தகரத்தில் இருந்த ஆணி ஓட்டையில் கண்ணை வைத்தேன். அவருடைய முதுகு மட்டுமே தெரிந்தது. "பிஸ்மில்லா" என்றது கேட்டது. பிறகு 'சர்ர், சர்ர்' என்று எதையோ கல்லில் தேய்க்கும் சத்தம். புது ஷெல்லைத் தேய்க்க என்ன இருக்கிறது? பழையதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறான் மனுஷன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

கார் நன்றாகத்தான் ஓடியது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. தம்புள்ளையில் ஒரு சிங்கள பாஸிடம் கொண்டுபோய் எஞ்சினின் அடியைக் கழற்றச் சொன்னேன். எட்டையும் கையில் வாங்கி முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூட 'த' இல்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

மாத்தளைக்கு வந்து முத்தலிப் பாஸின் முகத்துக்கு நேரே கேட்டேன்: "என்ர புது ஷெல் எங்க?"

"நீங்க தந்ததத்தான் போட்டேன் ஐயா."

எழுத்துக் கீறியதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. கெட்டிக்காரன் தன் சாட்சியை வெளியில் காட்டமாட்டானாம். ஆனால் கந்தோரில் சொன்னேன், சந்தையில் சொன்னேன், கூட்டுறவுச் சங்கத் தலைவரிடம் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "கழற்றி என்ர கண்ணால பார்த்தனான்" என்றேன். அரசாங்க உத்தியோகத்தன் சொன்னால் யார் மறுப்பார்கள்? சங்கத்து லொறிகள் இரண்டும் அந்த மாதமே வேறு கராஜுக்குப் போயின. அவர் வீட்டில் அடுப்பெரிந்ததே அந்த லொறிகளால்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுபடி கொழும்பு, மறுபடி கெஞ்சல், இன்னொரு எட்டு. இம்முறை எவனும் அழிக்க முடியாதபடி ஆழமாகக் கீறினேன். தம்புள்ளை பாஸ் பூட்டித் தந்தார். மூன்றாம் பயணத்தில், லக்கலப் பாதையில், நட்ட நடு மத்தியானத்தில் எஞ்சின் கத்திவிட்டு இறுகி நின்றது. ஒரு நெல் லொறி கட்டியிழுத்துத் தம்புள்ளைக்குக் கொண்டுவந்தது.

அந்த பாஸ் ஷெல்களைக் கழற்றி என் முன்னால் வைத்தார். முதுகில் என் 'த' இருந்த இடத்துக்கு நேர் எதிரே, உள்பக்கத்து மென்மையான உலோகம் கருகி வழிந்திருந்தது. எட்டிலும் ஒரே இடம். "இதைக் கீறியது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். கீறும்போது இரும்பு விளிம்பு கட்டி எழும்புமாம். அதன் மேல் ஷெல் சரியாக உட்காராமல் உள்ளே பிதுங்குமாம். எண்ணெய்க்கு இடமில்லாமல் போகுமாம். "எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கொம்பனி அடித்த அடையாளம் என்று விட்டுவிட்டேன். கையால் கீறியது என்று தெரிந்திருந்தால் கல்லில் தேய்த்து எடுத்திருப்பேன்" என்றார்.

கல்லில் தேய்த்து. வீட்டுக்கு ஓடிவந்து, பிஸ்கட் டின்னைத் திறந்து பழைய எட்டையும் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும், அதே ஓரத்தில், விரல்நகம் அளவுக்கு ஒரு மினுக்கம்.

டின்னோடு கொங்காவெலைக்குப் போனேன். கராஜில் ஒரு வாகனமும் இல்லை. முத்தலிப் பாஸ் சைக்கிள் ஒன்றுக்குச் செயின் பூட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஷெல் ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தார்.

""முதுகுல 'த'ன்னு கீறி ஈந்திச்சி. கட்டி எழும்பி ஈந்ததால தேச்சிட்டுப் போட்டேன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எதுக்குக் கீறினீங்கன்னு எனக்கு வெளங்கிச்சி. சொன்னா ஐயாக்கு வெக்கமா ஈக்குமேன்னு உட்டேன்."

நான் அழுதேன். ஒளிப்பானேன்?

"இந்த எட்டும் புதுசுதான். கிராங்க சுத்தமாக்கி எடுத்தா இதையே போடலாம். கார கொண்டாங்க" என்றார்.

தம்புள்ளையிலிருந்து லொறியில் கட்டியிழுத்துக் கொண்டுபோனேன். பூட்டும் நாளில் வழக்கம்போலத் தண்ணீர் தெளித்தார், இரண்டு தடவை கை கழுவினார். கதவை மட்டும் அகலத் திறந்து விட்டு, வாசலில் ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்.

"கதவைச் சாத்துங்கோ பாஸ். நான் வெளியில நிக்கிறன். எட்டியும் பாக்கமாட்டன்."

"இனி சாத்த ஏலா ஐயா" என்றார், தலையை நிமிர்த்தாமல். "சாத்தினா ஆக்கள் கதைப்பாங்க."

காற்றில் சாக்கு விலகி விலகிப் போனது. அதன் இரு முனையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அன்று பின்னேரம் வேலை முடியும்வரை வாசலில் நின்றேன். அப்படியும் தூசி உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது.