அப்பாவின் பாட்டுக்கு வந்த புது உரிமையாளர்

போன வருடம் சோளகக் காற்று தொடங்கிய நாட்களில், நாயாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அப்பா காலமானார். கடலில் தொழில் செய்து எங்களை ஆளாக்கியவர். நான் இங்கே கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இதைச் சொல்லும்போது இடையில் என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உயராமல் இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்பா பாட்டுக்காரர் இல்லை. ஆனால் ஒரேயொரு பாட்டுக் கட்டியிருந்தார். காற்று மாறிய நேரத்தில் நடுக்கடலில் நிற்கிற மனிதன் மாதாவைக் கூப்பிடுகிற பாட்டு. சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. எங்கள் மாதா கோயில் திருநாளில் அதைப் பாடாமல் கொடி இறக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சில வருடங்களுக்கு முன், பிரான்சில் இருக்கும் அண்ணா அந்தப் பாட்டை அப்பாவின் குரலிலேயே பதிந்து வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். செலவும் அவருடையதுதான். பரந்தனில் உள்ள ஒரு ஒலிப்பதிவு ஸ்டூடியோவுக்கு அப்பாவை நான் கூட்டிப்போனேன். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்ட அப்பா சம்மதிக்கவில்லை. ஒரு காதையாவது வெளியே விட்டால்தான் தனக்குப் பாட்டு வரும் என்றார். ஸ்டூடியோ நடத்துபவர் பொறுமையானவர், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். பாடி முடிந்ததும், "ஐயா, இதை இன்ரநெற்றிலை போடட்டோ?" என்று கேட்டார். "போடுங்கோ தம்பி, சனம் கேக்கட்டும்" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. ஒப்பமும் இல்லை, கடதாசியும் இல்லை. எங்கள் கரையில் இன்னொருவரின் வள்ளத்தைக் கேட்டு வாங்கித் தொழிலுக்குப் போவதும் வாய்ச்சொல்லில்தான். மீன் வந்தால் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று கரையிலேயே பிரித்துவிடுவார்கள். வள்ளத்தைக் கொண்டுபோனவர் அது இனித் தன்னுடையது என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் அப்பா ஸ்டூடியோவிலும் பேசினார்.

அப்பா போனபோது அண்ணாவால் வர முடியவில்லை. அங்கே அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. இங்கே இப்போது லைவ் இல்லாத செத்தவீடு கிடையாது. பாதிக் குடும்பம் வெளிநாட்டில் இருப்பதால், பந்தல் போடும்போதே கமெராவுக்கும் இடம் ஒதுக்கிவிடுவோம். முல்லைத்தீவிலிருந்து ஒரு வீடியோக்காரரைப் பிடித்தோம். அண்ணா இரண்டு விஷயம் மட்டும் கேட்டார். பெட்டி மூடுகிற நேரம் அப்பாவின் முகத்துக்குக் கிட்டக் கமெராவைக் கொண்டுபோக வேண்டும். அந்த நேரம் அப்பாவின் பாட்டைப் போட வேண்டும். தான் அங்கே முழங்காலில் நின்று, எங்களோடு சேர்ந்து கடைசியாக முகம் பார்ப்பதாகச் சொன்னார்.

அப்படியே செய்தோம். செபம் முடிந்தது. ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் வந்தது. நானும் அம்மாவும் தலைமாட்டில் நின்று குழறினோம். சனம் ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்தார்கள். பாட்டு முடிய முடிய மறுபடி போட்டார்கள். வீடியோக்காரர் ஒரு கையால் கமெராவைப் பிடித்தபடி மறு கையால் போனைத் தட்டிக்கொண்டு நின்றதைக் கண்டேன். பற்றரி பிரச்சினையாக்கும் என்று நினைத்தேன். பெட்டியை மூடினார்கள். கோயிலுக்குக் கொண்டுபோய், பிறகு சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

என் போன் அலுமாரிக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் அண்ணாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பி எடுத்தேன். அண்ணா அழவில்லை. "பெட்டி மூடியாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

வீடியோக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து போனைக் காட்டினார். இந்த ஒளிபரப்பில் வேறொருவருக்குச் சொந்தமான பாட்டு இருப்பதால் நிறுத்தப்பட்டது என்று அந்த வீடியோத் தளம் அறிவித்திருந்தது. முதலில் எச்சரிக்கை வந்திருக்கிறது. சன நெரிசலில் அவர் அதைக் கவனிக்கவில்லை. அடுத்து, சரியாக முகம் பார்க்கிற நேரத்தில், படத்தையே வெட்டிவிட்டார்கள். உரிமையாளர் என்று போட்டிருந்தது நாங்கள் வாழ்நாளில் கேள்விப்படாத ஒரு கொம்பனியின் பெயர்.

வேறொருவருக்குச் சொந்தமாம்! பெட்டிக்குள் கிடந்த மனிதனின் பாட்டு, அவர் வாயால் பாடிய பாட்டு. அன்றைக்கு நான் அந்தப் போனை எறியாமல் விட்டது, அதற்குள் என் கணவர் அதைக் கையில் வாங்கியிருந்ததால்தான்.

வீடியோக்காரரின் உதவியோடு அந்தத் தளத்துக்கு ஆட்சேபனை அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆட்சேபனை முதலில் போவது உரிமை கோரிய அதே கொம்பனியிடம். பாட்டு தங்களுடையதா என்று அவர்களே ஆராய்ந்து, ஓம், தங்களுடையதுதான் என்று அவர்களே பதில் அனுப்பினார்கள். கள்ளனையே விசாரிக்கிற விதானையாராகவும் வைத்திருக்கிற ஊரை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

துக்க வீட்டுக்காரி பயணம் போகக்கூடாது என்று சொந்தக்காரர் மறித்தார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு பஸ் ஏறிப் பரந்தனில் இறங்கினேன். ஸ்டூடியோக்காரர் என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை தந்தார், தேத்தண்ணிக்குச் சொன்னார். "ஐயா எவ்வளவு அருமையான மனிசன் அக்கா" என்று உண்மையாகவே கண் கலங்கினார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நான் தேத்தண்ணியைத் தொடவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மறைக்கவில்லை. ஒரு கொம்பனி வந்து, ஸ்டூடியோவில் பதிந்த பாட்டுகளையெல்லாம் தந்தால் உலகம் முழுக்கப் போடுவோம், வருகிறதில் பங்கு தருவோம் என்றதாம். இவர் கோயில் பாட்டு, பள்ளிக்கூடப் பாட்டு, அப்பாவின் பாட்டு என்று எல்லாவற்றையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். உரிமையாளர் நீங்களா என்று கேட்ட இடத்தில் ஓம் என்று அழுத்தியிருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

"ஐயாதானே போடச் சொன்னவர்" என்றார்.

"போடச் சொன்னவர். உங்கடையெண்டு வைச்சிருக்கச் சொன்னவரோ?"

"அக்கா, அதை மறிச்சது நானில்லை. அது கொம்பியூட்டர் தானாச் செய்யிறது."

"கொம்பியூட்டர் தானா வந்து எங்கடை வீட்டுப் படலையைத் திறந்ததோ? நீங்கள்தானே திறப்பைக் குடுத்தனீங்கள்."

பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து அவர் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "லைவை எங்களிட்டைத் தந்திருந்தா இந்தப் பிரச்சினை வந்திருக்காது அக்கா. எங்கடை வீடியோச் சனல் கொம்பனியிலை பதிஞ்சது, அதை மறிக்காது."

என் தகப்பனின் செத்தவீட்டில் என் தகப்பனின் பாட்டைப் போட இவரிடம் அனுமதி எடுத்திருக்க வேண்டுமாம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று படித்திருக்கிறேன். மடத்தைப் பிடுங்கிவிட்டு வாசலில் நின்று உள்ளே வாங்கோ என்று கூப்பிடுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். "எங்கடை அப்பா தன்ரை வள்ளத்தை எத்தினை பேருக்குக் குடுத்திருப்பார். பிறகு அவர் அதிலை ஏறவேணுமெண்டா அவையளிட்டைக் கேட்டவரோ?" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நல்லது, கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேரே கிளிநொச்சிக்குப் போய் ஒரு பெண் சட்டத்தரணியைப் பார்த்தேன். அவா நான் அழுது முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினா. பாட்டைக் கட்டியவருக்கு ஒரு உரிமை, பாடியவருக்கு ஒரு உரிமை, பதிவைச் செய்வித்தவருக்கு ஒரு உரிமை. கேட்க எங்கள் கரைப் பங்கு மாதிரியே இருந்தது. இந்தப் பாட்டில் மூன்றும் எங்கள் பக்கம்தான் நிற்கின்றன. கேட்க விடுங்கள் என்று ஒருவருக்கு வாயால் அனுமதி கொடுக்கலாம். ஆனால் உரிமை கைமாற வேண்டுமென்றால் எழுத்தும் ஒப்பமும் வேண்டும்.

"வழக்கு எண்டு போனா கொழும்புக்கு இழுபட வேண்டிவரும். முதல் ஒரு கடிதம் அனுப்பிப் பாப்பம்" என்றா. அதோடு ஒன்றையும் சொன்னா. "அப்பா கண்மூடின நேரத்திலயிருந்து அந்தப் பாட்டு உங்கடை அம்மாவுக்கும் உங்களுக்கும் அண்ணாவுக்கும்தான் சொந்தம்."

அதைக் கேட்டபோதுதான் எனக்குள் இருந்த கோபம் வேறு நிறமாக மாறியது. பெட்டி மூடிய அந்த நேரத்தில் அந்தப் பாட்டின் சொந்தக்காரர்களில் ஒருவர் பிரான்சில் ஒரு அறையில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பாட்டைக் காரணம் காட்டி அவருக்கே அவருடைய தகப்பனின் முகத்தை மறைத்தார்கள்.

கடிதம் போனது. கொஞ்ச நாளில் அந்தத் தளத்திலிருந்து, உரிமைகோரல் விலக்கிக்கொள்ளப்பட்டது என்று ஒற்றை வரி வந்தது. மன்னிப்பு இல்லை, அனுப்பியவருக்குப் பெயர்கூட இல்லை. யாரைப் பிடித்து ஏசுவது என்றே தெரியவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஸ்டூடியோக்காரர் வந்து படலையடியில் நின்றார். அம்மா கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தா. எனக்கு அவ்வளவு பெரிய மனம் இல்லை, குசினிக்குள்ளேயே நின்றுவிட்டேன். கோயில்களின் பாட்டுகளையும் கொம்பனியிடமிருந்து திருப்பி எடுக்கிறாராம். எடுக்கட்டும், அது அவருடைய கடமை.

கமெராவில் இருந்த முழுப் பதிவையும் அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் இன்னும் திறந்து பார்க்கவில்லை. சங்கதியெல்லாம் சொல்லி, பாட்டு இனி எங்களுடையது என்றேன். "பாட்டு வந்திட்டுது பிள்ளை. அந்த நேரம் வராதுதானே" என்றார்.

இப்போது திருநாளுக்கோ கலியாணத்துக்கோ யாராவது வந்து அந்தப் பாட்டைப் பாடக் கேட்டாலும் படம் எடுத்தாலும், எங்கே போடப் போகிறீர்கள், யாருடைய பெயரில் போடப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். வம்புக்காரி என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பங்கு வேண்டும் என்று அந்த ஸ்டூடியோக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அப்பா யோசிக்காமல் அந்தப் பாட்டை அவருக்கு எழுதியே கொடுத்திருப்பார், அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.