உடையாத கை

என் அக்காவின் கை உடையவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் இன்றும், "பாவம், கை ஒடைஞ்சி ஆட்டமே போச்சி" என்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது அக்கா பதினொன்றாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. அவள் பள்ளியில் பி.டி. மிஸ் பேஸ்பால் அணி சேர்த்தார். ஆரணியில் அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே யாருக்கும் தெரியாது. அக்காதான் பந்து எறிகிறவள். மொத்தம் நாலே ஆட்டம். முதல் மூன்றிலும் தோற்றார்கள்.

நாலாவது வேலூரில். அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால். எதிரணிக்காரிகள் மூன்று பேர் ஓடத் தயாராக நின்றார்கள். மட்டை பிடித்தவள் ஒரு அடி அடித்தால் போதும். மூன்று முறை தவறவிட்டால் அவள் அவுட். அக்கா எறிந்தாள். முதல் பெண் போனாள். இரண்டாமவளும் போனாள். மூன்றாமவள் நல்ல உயரம். இரண்டு பந்தை விட்டுவிட்டுச் சிரித்தாள். மூன்றாவது பந்து எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று பேரும் அவுட், ஆட்டம் எங்களுக்கு.

"அது என் பொண்ணுங்க" என்று அப்பா பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் சொன்னார்.

மாநில அணிக்கு அக்கா பெயர் வந்தது. திருச்சியில் பத்து நாள் பயிற்சி. அப்பா கையெழுத்தும் போட்டுவிட்டார்.

பொறுக்காதவர் மாமா, அம்மாவின் தம்பி. அக்கா அவருக்குத்தான் என்று அவள் பிறந்த அன்றே பேசி வைத்திருந்தார்கள். இன்று அவர்தான் அவள் புருஷன். "பேன்ட் போட்டுகினு ஊர் ஊரா சுத்துறவள நான் எப்டிக்கா கட்டிக்கிறது?" என்றார். அம்மா பயந்தாள். அப்பா மறுநாளே மாறினார். ஆனால் அனுப்ப மாட்டோம் என்று மிஸ் முகத்துக்கு நேராகச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் துப்பில்லை.

மாமா அக்காவை வண்டியில் கண்ணமங்கலம் கூட்டிப்போனார். திரும்பியபோது அவள் வலது கையில் மூங்கில் பட்டை வைத்த புத்தூர்க் கட்டு. முட்டை நாற்றம். வண்டி சறுக்கிவிட்டது என்றார். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

மிஸ் வீட்டுக்கே வந்தார். "எப்படி விழுந்த? நீ சொல்லு" என்று அக்காவைக் கேட்டார். அவள் தரையையே பார்த்தாள். வாயைத் திறந்தால் விஷம் குடிப்பேன் என்று அம்மா மிரட்டியிருந்தது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மிஸ் நம்பவில்லை. மாமா என் தோளில் கை போட்டார். "சின்னப் பையன் பொய் சொல்ல மாட்டான் மிஸ். அவனையே கேளுங்க."

"ஒடைஞ்சிடுச்சி மிஸ், நான் பாத்தேன்" என்றேன். நான் பார்த்தது கட்டு மட்டும்தான். போதாதென்று, "ரத்தம்கூட வந்துச்சி" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மிஸ் எழுந்து போய்விட்டார். மாமா எனக்குப் பாதாம் பால் வாங்கித் தந்தார். குடித்துவிட்டு வந்தவனை அக்கா தோட்டத்துப் பக்கம் இழுத்துப்போய், கட்டுப் போட்ட அதே கையால் முதுகில் ஓங்கி அறைந்தாள். மூங்கில் பட்டை பதிந்துவிட்டது. அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடி அக்கா அடித்துவிட்டாள் என்று சொன்னேன். உடைந்த கை எப்படி இந்த அடி அடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.