இரண்டு போர்டு, ஒரே சாவி

பதினான்கு வருடம் சாலிடரிங் வரிசையில் உட்கார்ந்தவரை நாற்பத்திரண்டாவது வயதில் மாடிக்கு மாற்றினார்கள். கண் மக்கர் செய்யத் தொடங்கியிருந்தது. தடித்த கண்ணாடி போட்ட நாளிலிருந்து கம்பெனியில் எல்லோருக்கும் அவர் கண்ணாடியக்கா.

செல்போனால் திறக்கும் கதவுப் பூட்டுகளைச் செய்கிற கம்பெனி அது. பூட்டும் போனும் வேறு யாருக்கும் புரியாதபடி பேசிக்கொள்ள ஒரு நிரல் தொகுப்பு வேண்டும், லைப்ரரி என்பார்கள். அதை எழுதியவர் பக்கத்து மேஜைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பட்டப்பெயர் கணக்குப்புலி. பூட்டுக்குள் இருக்கும் அதே சிப் வைத்த உள்ளங்கை அகலப் போர்டில் அந்த லைப்ரரியை ஓட்டிப் பார்ப்பது அக்காவின் வேலை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். திரையில் பச்சை வந்தால் சரி, சிவப்பு வந்தால் தப்பு.

"உள்ள இருக்கற கணக்கு எனக்குப் புரியாது சார்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"புரியவே வேணாம்மா. பச்சையா சிவப்பான்னு பாருங்க, போதும்," என்றார் கணக்குப்புலி.

அக்காவுக்கு அது போதவில்லை. சோதனையின் முடிவில் போர்டு தனக்கென்று ஒரு ரகசியச் சாவியை உருவாக்கும்; எண்ணும் எழுத்துமாக அறுபத்துநான்கு இலக்கம். ஒவ்வொரு முறையும் கடைசி எட்டை நோட்டில் எழுதி வைப்பார். கீழே வேலை பார்த்தபோது ஒவ்வொரு போர்டின் எண்ணையும் எழுதிய கை, சும்மா இருக்க மறுத்தது.

மகளுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தவருக்கு ஒரு புதிய பதிப்பு காத்திருந்தது. பூட்டு இன்னும் சீக்கிரம் திறக்கட்டும் என்று மேலாளர் கேட்டாராம். கணக்குப்புலி லைப்ரரியை வேகப்படுத்தியிருந்தார். கீழே நானூறு பூட்டுகளில் அது ஏறியும் விட்டது. அனுப்ப ஐந்து நாள்தான் பாக்கி.

முதல் போர்டை ஓட்டினார். எல்லாம் பச்சை. இரண்டாவதும் பச்சை. எழுதிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது.

"சார், ரெண்டு போர்டும் ஒரே சாவியக் குடுக்குது."

"ஒரே போர்டையே ரெண்டு தடவை ஓட்டியிருப்பீங்க."

"எனக்குக் கண்ணுதான் சார் மங்கல். புத்தி மங்கிடல."

கணக்குப்புலி எழுந்து வந்து முழுச் சாவியையும் ஒப்பிட்டார். அறுபத்துநான்கும் அச்சு அசல். உட்கார்ந்து தானே பத்து முறை ஓட்டினார். பத்து முறையும் வேறு வேறு சாவி.

"பாருங்க, ஒழுங்காத்தான வருது!"

அக்கா திரையைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ரீசெட் பட்டன அழுத்தறீங்க. நான் ஒயரப் புடுங்கி மாட்டறேன்." கரன்ட் ஓடும் போர்டைத் தொடக் கூடாது என்பது கீழே கற்றது.

கணக்குப்புலி ஒயரைப் பிடுங்கி மாட்டினார். அதே சாவி வந்தது. மறுபடியும் அதே. அவர் தன் மேஜைக்குப் போய் நிரலை வரி வரியாகப் பார்த்தார். கரன்ட் வந்ததும் சிப் குலுக்கல் போட்டு எண் எடுக்கத் தயாராகச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை எதை எடுத்தாலும் சைபர்தான்; சைபரிலிருந்து பிறக்கும் சாவி எல்லாப் போர்டிலும் ஒன்றே. ரீசெட் பட்டனில் கரன்ட் போவதில்லை என்பதால் அங்கே இது தெரியவில்லை. காத்திருக்கச் சொன்ன வரியை, வேகத்துக்காக அவரே தூக்கியிருந்தார்.

பழியைக் கணக்குப்புலி சிப்பின் தலையில் கட்டிவிடுவாரோ என்ற பயத்துடனேயே அக்கா அவரோடு மேலாளர் அறைக்குப் போனார்.

"எல்லாம் பச்சைன்னு சொன்னாங்களே?" என்றார் மேலாளர்.

"பச்சைதான் சார்," என்றார் அக்கா. "ஆனா நானூறு வீட்டுக்கும் ஒரே சாவி."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரோட தப்பு?"

"என்னோடது," என்றார் கணக்குப்புலி. "அவங்க லீவுல இருந்தாங்க. வந்தப்புறம் ஏத்தியிருக்கணும்."

நானூறு பூட்டுகளையும் பிரித்து, சரிசெய்த பதிப்பை ஏற்றினார்கள். அக்காவும் கீழே இறங்கிப் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்தார். சரக்கு பன்னிரண்டு நாள் தாமதமாகப் போனது. வாங்கியவர்கள் கத்தினார்கள், மேலாளர் கேட்டுக்கொண்டார். கரன்ட்டை அணைத்துப் போட்டு ஐந்நூறு சாவிகளை ஒப்பிடுவது முந்நூற்றுப் பதின்மூன்றாவது சோதனையானது. அதற்கென்று தனிக் கருவி வரும்வரை அக்காதான் கையால் செய்தார்.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, பஸ் ஓட்டுநரான அவர் கணவர் சிரித்தார். "நாள் பூரா ஒயரப் புடுங்கி மாட்டறதுக்கா சம்பளம்?"

"நீங்க மட்டும் என்னவாம்? நாள் பூரா ஒரே ரோட்டுல போய்ட்டு வரீங்க."

"அதுவும் சரிதான்," என்று சொல்லி அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.