நல்ல பம்ப்

எங்கள் தெருத் தையல்காரருக்கு மெக்கானிக் என்றாலே ஆகாது. தன் காரைத் தானேதான் பிரித்து மாட்டுவார்.

போன வாரம் மனைவி ஓட்டும்போது என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. "ஹீட் மீட்டரப் பாக்காம ஓட்டி வாட்டர் பம்பையே கெடுத்துட்டியே!" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

இன்று வாசலில் பம்பைக் கழற்றிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து ரப்பர் குழாயின் கிளிப்தான் தளர்ந்து தண்ணீர் ஒழுகியிருந்தது. போன மாதம் குழாயை மாற்றியபோது அதை முடுக்க மறந்தவர் அவரேதான்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தார். சத்தமில்லாமல் கிளிப்பை முடுக்கிவிட்டு, வாங்கிவைத்திருந்த புதுப் பம்பையே மாட்டினார்.

மனைவி கண் கலங்கத் துண்டோடு வந்து நின்றாள். "எல்லாம் என்னாலதாங்க. இனிமே வண்டியத் தொடவே மாட்டேன்."

உண்மை தொண்டைவரை வந்தது.

"அழாத, விடு. நான் அப்பவே மன்னிச்சிட்டேன்" என்றார்.