தொட்டிக்குள் மூன்று பேர்

அவரை எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் வந்து குனிந்து பார்ப்பார், உச்சுக் கொட்டுவார், "வாஷர் போயிடுச்சு" என்பார். உலகத்துப் பாவத்தையெல்லாம் ஒரு சின்ன ரப்பர் வளையத்தின் தலையில் கட்டுகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வரும்!

சபைக்கும் அவர்தான் குழாய்க்காரர். அங்கே பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் கீழே ஓடு பதித்த தொட்டி ஒன்று இருக்கும். ஞானஸ்நானத் தொட்டி. எப்போதாவது ஒருமுறைதான் அதில் தண்ணீர் நிற்கும், மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும். காய்ந்தால் ரப்பர் வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு ஞானஸ்நானமும் முடிந்ததும் அடியிலிருக்கும் பித்தளை அடைப்பானைக் கழற்றி, வாஷரை மட்டும் உருவிப் பவுடர் தூவித் தன் கருவிப் பையில் வைத்துக்கொள்வார். மறுபடி அவர் வந்து மாட்டினால்தான் தொட்டியில் தண்ணீர் தங்கும். "சபைச் சாவி போதகர் கையில, தொட்டிச் சாவி என் பையில" என்று கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்வார்.

அந்தத் தொட்டியில்தான் அவர் இளவயதில் முழுகினார். இனி நான் எனக்குச் சொந்தமில்லை, கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்று சபை முன்னால் வாய்விட்டுச் சொன்னார். கல்யாணமான புதிதில் மனைவி முழுகினாள். பின்னால் ஒரே மகளும் முழுகினாள். அன்று குளிர் என்று வெந்நீர் சுடவைத்து அண்டா அண்டாவாகச் சுமந்து ஊற்றினார். "அப்பா, இது ஞானஸ்நானமா, குளிப்பாட்டு விழாவா?" என்று அவள் தொட்டிக்குள் நின்றபடியே கிண்டல் செய்தாள். சபையே சிரித்தது.

அந்த மகள் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். சும்மா நின்றுகொண்டுதான் இருந்தாள். குடித்துவிட்டுச் சரக்கு வேன் ஓட்டிவந்த ஒருவன் நடைபாதையில் ஏற்றிவிட்டான். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேன்காரன் சிறைக்குப் போனான். போகட்டும், அங்கேயே கிடக்கட்டும் என்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளினார்கள். மனைவிக்குத் தூக்கம் போயிற்று, படபடப்பு வந்தது, வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மதியம் சாப்பிட்டதும் ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு, மாத்திரையோடு அவள் கையில் கொடுப்பது வாஷரின் வேலை. எங்கே வேலைக்குப் போனாலும் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார். மகளைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை. அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான் பேச்சு.

இதற்குள் போதகர் சிறைக்கு ஜெபிக்கப் போனார். போனவர் கண்ணில் வேன்காரனா பட வேண்டும்? அவன் அழுதான், வேதம் கேட்டான், தண்டனை முடிந்து வெளியே வந்ததும் நேராகச் சபைக்கே வந்து உட்கார்ந்தான். வாஷரின் மனைவி அவனைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். போனவள் போனவள்தான், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. வாஷர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சுக்கு மாறினார். பாட்டு வந்தால் வாயை மட்டும் அசைத்தார்.

சபையார் சும்மா இருப்பார்களா? "மன்னிச்சிடுங்கண்ணே, மனசு லேசாயிடும்" என்று ஆளுக்கு ஆள் வந்து ஓதினார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓதினார்கள்! அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒருநாள் போதகரே வீடு தேடி வந்தார். வயதானவர், இடுப்பு வலிக்காரர். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழம தொட்டிய நிரப்பணும்."

"யாருக்குங்க ஐயா?" வாஷர் தெரிந்தேதான் கேட்டார்.

போதகர் தரையைப் பார்த்தார். "உனக்கு முடியலன்னா வேற ஆள வச்சுக்கறேன். வற்புறுத்த மாட்டேன்."

"வேற ஆளயே வச்சுக்குங்க" என்று அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அம்மா, புண்ணக் கிளற நான் வரல. கர்த்தரோட உடன்படிக்கைக்குள்ள வரணும்னு அவன் கேக்கறான். அது அவரு ரத்தம் சிந்தித் திறந்த கதவு. மூட எனக்கு அதிகாரமில்ல."

"அந்த உடன்படிக்கைக்குள்ளதான நாங்களும் இருக்கோம்? எங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா? வீட்டுக்கு ஒரு ஆள் வர்றான்னா வீட்ல இருக்கறவங்கள கேக்க மாட்டாங்களா?"

சும்மா சொல்லக்கூடாது, போதகர் நல்ல மனிதர்; பதில் இல்லாத இடத்தில் பதிலை இட்டுக்கட்டவில்லை. எழுந்து தடுமாறி நின்றார்.

"நானே நிரப்பறேன் ஐயா" என்றார் வாஷர்.

மனைவி அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே! அவருக்கும் ஏன் அப்படிச் சொன்னோம் என்று விளங்கவில்லை. மகள் நின்ற தொட்டியில் வேறொருவன் கை வைப்பதை அவரால் பொறுக்க முடியாது, அது ஒன்று. இன்னொன்று, இளவயதில் அங்கே நின்று சொன்ன வார்த்தை. அதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னதை இல்லையென்று ஆக்கவும் தெரியவில்லை, அதோடு வாழவும் தெரியவில்லை. வேலைக்குப் போகும் வழியெல்லாம் கடவுளோடு சண்டை போட்டார். "ஆண்டவரே, பேச்சு நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல. இதுல அவன் எங்கேர்ந்து வந்தான்?"

போதகர் போனதும் மனைவி சொன்னாள்: "தண்ணி ரொப்புறதோட வந்துடுங்க. வரிசையில நின்னு அவனுக்குக் கை குடுத்தீங்கன்னா, அந்தக் கையால எனக்கு ஒரு வாய் தண்ணி வேணாம். சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. முழுகி எழுந்தவருக்குச் சபையார் ஒவ்வொருவராக வந்து வலது கை கொடுப்பது அங்கே வழக்கம். கை கொடுத்துவிட்டால் அவன் அதன்பிறகு அந்நியன் இல்லை, உடன்பிறந்தவன். கொடுக்காமல் ஒருவர் ஒதுங்கினால் அது எல்லோருக்கும் தெரியும். சபை வாஷரின் கையைப் பார்க்கும், வீட்டில் மனைவியும் பார்ப்பாள். வாரம் முழுக்க அவர் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடினார்.

சனிக்கிழமை மதியம் போய்ப் பலகைகளைத் தூக்கித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். அடைப்பானை முறுக்கினார். குழாயைத் திறந்துவிட்டார், இடுப்பளவு நிரம்பியதும் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை வெந்நீர் இல்லை.

ஞாயிறு காலையில் அவர் உள்ளே நுழையும்போதே சலசலப்பு. மேடையைச் சுற்றிக் கூட்டம். தொட்டியில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது, அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு வேன்காரன் ஒரு மூலையில் குளிரில் நடுங்கியபடி நின்றான்.

வாஷர் கருவிப் பையைத் திறந்தார். பவுடர் மணத்தோடு வாஷர் அப்படியே இருந்தது. மாட்டவே இல்லை! காலமெல்லாம் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாஷர் வாஷர் என்று பாடம் சொன்னவர், வாஷர் போடாமல் அடைப்பானை முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"வேணும்னே செஞ்சிருப்பாரு" என்று பாட்டுக்குழுத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. மறந்தாரா, இல்லை கை தெரிந்தே மறந்ததா? சத்தியம் பண்ணச் சொன்னால் அவரால் முடியாது. அதுதான் அவரைச் சுட்டது.

இப்போது வாஷரை மாட்டலாமென்றால் அடைப்பானைக் கழற்ற வேண்டும். கழற்றினால் இருக்கிற தண்ணீரும் போய்விடும். அன்றைக்கு வந்த குழாய்த் தண்ணீர் நூல் மாதிரி. அது நிரம்பச் சாயங்காலம் ஆகும்.

"அடுத்த மாசம் வச்சுக்கலாம் ஐயா" என்றார் யாரோ. அந்த வார்த்தை வாஷரின் காதுக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? தலையை ஆட்டினால் போதும். ஆனால் சபை முழுக்க அவரையே பார்த்தது. தன் தொட்டியில் தன் கை செய்த தப்பு. காலணியைக் கழற்றி வீசினார். ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு தொட்டிக்குள் இறங்கினார். கைக்குட்டையைச் சுருட்டி அடைப்பானின் விளிம்பில் திணித்து, அதன்மேல் குதிகாலை வைத்து அழுத்தினார்.

"குழாயத் திறந்து விடுங்க. நான் கால எடுக்க மாட்டேன். பாட்டுப் பாடுங்க, அதுக்குள்ள கொஞ்சம் ஏறிடும்."

பாடினார்கள். ஒன்று முடிந்து இன்னொன்று. தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலே வந்தது, அதற்குமேல் ஏறவில்லை. போதகர் இறங்கினார். அவருக்குப் பின்னால் வேன்காரன் படியில் கால் வைத்தான், வாஷரைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டான்.

"அண்ணே... நான் வேணா இன்னொரு நாள்..."

"எறங்கு" என்றார் வாஷர். அவனோடு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஆள் கனத்த ஆள். இடுப்பளவு தண்ணீரென்றால் தண்ணீரே தாங்கும். இதில் அவனை உட்காரவைத்து மல்லாத்த வேண்டும். போதகரின் இடுப்பு அதற்கு எங்கே இடம் கொடுக்கும்? அவர் வாஷரைப் பார்த்தார். வாஷருக்கு அந்தப் பார்வை புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிடலாம் என்றும் தோன்றியது.

"தம்பி, அந்தப் பக்கம் நீ பிடி."

வாஷர் இடது கையை அவன் பிடரிக்குக் கொடுத்தார், வலது கையை நெஞ்சில் வைத்தார். போதகர் பிதாவின் பெயரையும் குமாரனின் பெயரையும் பரிசுத்த ஆவியின் பெயரையும் சொன்னார். இருவருமாக அவனை அமிழ்த்தினார்கள். முகம் உள்ளே போனது. போதகர் தூக்கப் பார்த்தார். அவன் எழவில்லை. வாஷரின் கை அவன் நெஞ்சை விடவில்லை.

இவன்தான். மகள் எங்கே நின்று சிரித்தாளோ அதே இடத்தில், அவர் கைக்கு அடியில், அவன். எந்தப் பிரசங்கமும் அவர் நினைவில் இல்லை. வெறுப்புதான் இருந்தது, தோள்வரை நிறைந்த வெறுப்பு. வேன்காரன் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். திமிறவில்லை, கையைத் தட்டிவிடவில்லை. திமிறியிருந்தால் அழுத்தியிருப்பார், நிச்சயமாக அழுத்தியிருப்பார். அவன் பேசாமல் கிடந்தான், நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் என்பதுபோல.

"தம்பி! தூக்கு!" போதகரின் குரல் கிறீச்சிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஏதோ பக்திப் பரவசம் என்று நினைத்து "அல்லேலூயா" என்றார்கள்.

தூக்கினார். அன்பு பொங்கி வழிந்து தூக்கினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இனி நான் எனக்குச் சொந்தமில்லை என்று ஒருகாலத்தில் அங்கே நின்று சொல்லித் தொலைத்திருந்தார். தனக்குச் சொந்தமில்லாத கையால் ஒருவனைக் கொல்ல முடியவில்லை. அவ்வளவுதான். அவன் இருமி மூச்சு வாங்கிக்கொண்டு, எழுந்து நிற்கப் பிடிமானம் தேடி, கைக்குக் கிடைத்ததைப் பற்றினான். கிடைத்தது வாஷரின் வலது கை. வரிசையில் நின்று கொடுக்கலாமா வேண்டாமா என்று வாரம் முழுக்கத் திண்டாடினாரே, அந்தக் கை யாரையும் கேட்காமலே போய்விட்டது.

சபை கைதட்டியது. "என்ன ஒரு சாட்சி!" என்று உருகினார், சற்றுமுன் முணுமுணுத்த அதே பாட்டுக்குழுத் தலைவர். சாட்சியாம் சாட்சி! வாஷர் குதிகாலை எடுத்தார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது. அவர் யாரையும் பார்க்காமல், காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு சொட்டச் சொட்ட வெளியே நடந்தார்.

வீட்டு வாசலில் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எதுக்குத் தொட்டிக்குள்ள எறங்குனீங்க?"

"வாஷர் போட மறந்துட்டேன்."

"நீங்களா?" அவள் சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னார், ஒளிக்கவில்லை. அழுத்திப் பிடித்ததையும் சொன்னார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டாள்.

"அப்புறம்?"

"தூக்கிட்டேன்."

"இந்தக் கையாலயா?"

"ஆமா."

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்பொண்ண யாரும் தூக்கல" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. எழுந்துபோய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் வழக்கம்போல எழுந்தார். டம்ளரில் தண்ணீர் மொண்டார், மாத்திரையைப் பிரித்தார், இரண்டையும் அவள் முன்னால் நீட்டினார். அவள் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டாள். வாயில் போட்டு, தலையை அண்ணாந்து, தண்ணீரில்லாமலே விழுங்கினாள். அது தொண்டையில் சிக்கிக் கண் கலங்கியது. அப்படியும் அவள் கை டம்ளர் பக்கம் வரவில்லை.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவதில் அவள் அவருக்குக் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை. வாஷர் டம்ளரோடு நின்றார்.

"ஆண்டவரே, அவனச் சேத்துக்கிட்டு நீங்க உங்க பேச்சக் காப்பாத்திட்டீங்க, நானும் காப்பாத்திட்டேன்" என்றார், அவளுக்குக் கேட்கும்படியாகவே. "இவளுக்கு இனி யாரு தண்ணி குடுக்கறது?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தாள்.