கறுப்புக்கு மூணு, வெள்ளைக்கு மூணு

நாற்காலியின் அருமை உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பதினோரு வருஷம் நின்று பார்த்தால் தெரியும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட்போன் அசெம்பிளி லைனில் நிற்கிறேன். காதில் படுகிற மெத்தை உறையை வளையத்தில் பொருத்தி, சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தி, அடுத்தவளிடம் தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்க நல்லாத்தான் இருக்கும். செய்து பாருங்கள், சாயங்காலம் கட்டைவிரல் உங்களுடையதுதானா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

எங்கள் லைனில் வருவது ரோட்டோரம் தொங்குகிற ஹெட்போன் இல்லை. விலையைக் கேட்டால் தலை சுற்றும், அதனால் கேட்பதில்லை. ஆயிரக்கணக்கில் உறை மாட்டியிருப்பேன், ஒன்றைக்கூட என் காதில் வைத்ததில்லை. வைக்கக்கூடாது. மேலே கேமரா இருக்கிறது. திருப்பதி லட்டு பிடிக்கிறவன் ருசி பார்க்கக்கூடாதாம், அந்த மாதிரி.

என் பக்கத்தில் நின்றவள் தென்காசிப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயசு சின்னவள். லைனில் பேசக்கூடாது என்று போர்டு மாட்டியிருந்தாலும் நாங்கள் பேசாமல் இருந்த நாளே கிடையாது. போன வருஷம் மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு நாள், கேன்டீனில் தயிர்சாதத்தை அளைந்துகொண்டே, "எக்கா, எனக்கு அஞ்சாம் மாசம்" என்றாள். எனக்குப் பகீரென்றது. தொளதொள நீலக் கோட்டுக்குள் நான் கவனிக்கவே இல்லை.

அவள் கான்ட்ராக்ட்டில் இருந்தாள். முழுகாமல் இருப்பது தெரிந்தால் யாரும் திட்டமாட்டார்கள், துரத்தமாட்டார்கள். மாசக் கடைசியில் லிஸ்டில் பேர் இருக்காது, அவ்வளவுதான். அவளுக்கு இதற்கு முன்னால் ரெண்டு தங்கவில்லை. இந்தத் தடவை ரொம்ப நேரம் நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரனுக்கு நிலையான வேலை இல்லை. ஏழாம் மாசம் வளைகாப்புக்கு ஊருக்குப் போகிறவரைக்கும் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று அவள் இருந்தாள்.

"எட்டு மணி நேரம் நின்னுகினேவா? உனக்கு இன்னா பைத்தியமாடி?" என்றேன்.

"வேற என்ன செய்யச் சொல்லுதிய?" என்றாள்.

மோரைக் குடித்துவிட்டு ரெண்டு பேரும் லைனுக்குப் போனோம்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த டிரையல் வந்தது. ரெண்டு புது மாடல், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எதை விற்பனைக்கு அனுப்புவது என்று மேலே முடிவாகவில்லை. மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு இருந்தால் எது சுகம், எதில் சத்தம் நன்றாக இருக்கிறது என்று ஆட்களை வைத்துப் பார்க்க வேண்டுமாம். லைனிலிருந்தே ஆறு பேரை எடுத்தார்கள். தினமும் சாப்பாட்டு மணிக்கு அப்புறம் ஷிஃப்ட் முடிகிறவரை தனி ரூமில் உட்கார வேண்டும். ரெண்டு மணி நேரம் கறுப்பு, ரெண்டு மணி நேரம் வெள்ளை. என்னைத் தலை பெரிசு என்று எடுத்தார்கள். சும்மா சொல்லவில்லை, டேப் வைத்து அளந்துவிட்டுச் சொன்னார்கள். அவளை முடி அடர்த்தி என்று எடுத்தார்கள்.

முதல் நாள் அந்த ரூமுக்குள் நுழைந்தபோது நாங்கள் ஹெட்போனைப் பார்க்கவில்லை. ஆறு மெத்தை நாற்காலியைத்தான் பார்த்தோம். அவள் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டிரையலை நடத்தியது ஒரு இன்ஜினியர் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். தாம்பரத்திலிருந்து தினம் ரெண்டு பஸ் மாறி வருகிறவள், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்க் கிடக்கும். "தேங்காய் எண்ணெய் தடவிட்டு வராதீங்க அக்கா, மெத்தையில கறை பிடிக்குது" என்று கும்பிடாத குறையாகச் சொன்னாள். ஆளுக்கு ஒரு பேப்பர் கொடுத்தாள். கேள்விகளை யாரோ இங்கிலீஷிலிருந்து மாற்றியிருந்தார்கள். 'உங்கள் காது மகிழ்ச்சியாக உள்ளதா?' என்று ஒன்று. 'தலையின் மேல் பாரம் உணரப்படுகிறதா?' என்று இன்னொன்று. எங்களில் ஒருத்தி, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உணரப்படுது மேடம்" என்றாள். ரூமே சிரித்தது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும்.

ஆறு பேரும் எல்லாக் கேள்விக்கும் பத்து போட்டோம். கறுப்புக்கும் பத்து, வெள்ளைக்கும் பத்து.

வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் பழக்கம் அது. வெளியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வந்து ஏதாவது கேட்டால் 'நல்லாருக்கு சார், ஒரு பிரச்சினையும் இல்ல சார்' என்று சொல்லி வருஷக்கணக்கில் வாய் பழகியிருக்கிறது. கேன்டீன் சாம்பார் ஊசிப்போன அன்றைக்கும் அதைத்தான் சொன்னோம். கேள்வி என்று ஒன்று பேப்பரில் வந்தால் கை தானாகப் பத்து போட்டுவிடும்.

இன்ஜினியர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டும் சமமா வந்தா நான் மேல என்னத்தை அனுப்புறது? நாளைக்கு மறுபடியும் பண்ணணும்" என்றாள்.

நாளைக்கு மறுபடியும். எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது அப்போதுதான்.

அன்று கம்பெனி பஸ்ஸில் மற்ற நாலு பேரிடமும் தென்காசிக்காரியின் விஷயத்தைச் சொன்னேன், முடிவு வராதவரை அவள் உட்கார்ந்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், வெட்கம். நாலு பேரில் ஒருத்தியும் மறுபேச்சு பேசவில்லை. எல்லாரும் பத்து போட்டால் மாட்டிக்கொள்வோம், அதனால் மூணு பேர் கறுப்பு நன்றாக இருக்கிறது என்று போடுவது, மூணு பேர் வெள்ளை என்று போடுவது. யார் எது என்று பஸ் பென்னலூர் வருவதற்குள் பிரித்துவிட்டோம். எனக்கு வெள்ளை. அவளுக்குக் கறுப்பு. எந்தக் கேள்விக்கு யார் ஒன்று குறைக்க வேண்டும் என்பதுவரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். படிக்கிற காலத்தில் இந்த மூளை வேலை செய்திருந்தால் நானும் இன்ஜினியர் ஆகியிருப்பேன்.

அப்படியே நடந்தது. ஒவ்வொரு நாளும் கறுப்புக்கு மூணு, வெள்ளைக்கு மூணு. ஒவ்வொரு நாளும் அந்தப் பெண் பேப்பர்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் வாங்க அக்கா" என்பாள். தென்காசிக்காரியின் வீங்கின கால் அஞ்சாம் நாள் வற்றியது. செருப்பு தொளதொள என்று ஆடுவதைக் காட்டிச் சிரித்தாள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். மார்க் பொய், காது பொய் சொல்லுமா? தினம் ரெண்டு ரெண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எது எப்படி என்று தெரியாமல் போகுமா? கறுப்பில் அடிச்சத்தம் அதிகம். தம் தம்மென்று மண்டைக்குள்ளேயே வந்து குத்தும், ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரி. முதலில் ஜோராக இருக்கும். அரை மணியில் நெற்றி வலிக்கும். உறை தோல் மாதிரி வழவழப்பு, வேர்த்து ஒட்டிக்கொள்ளும். பிடி இறுக்கம். தோட்டின் திருகு காதுக்குப் பின்னால் அழுத்தி ரத்தம் கட்டிவிடும். இதைச் செய்தவன் தோடு போட்ட காதைப் பார்த்திருக்கவே மாட்டான்.

வெள்ளை வேறு. துணி உறை. மாட்டினால் மாட்டியதே தெரியாது. பாடுகிற பெண் அடுத்த அடிக்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். பாட்டு முடிந்ததும் வெளிச்சத்தத்தை அடக்குகிற பட்டன் ஒன்றை அழுத்தச் சொல்வார்கள். முதல் தடவை அழுத்தியபோது பயந்துவிட்டேன். ஏசி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்ப்ரஸர் இல்லை. பக்கத்தில் ஒருத்தி சிரிக்கிறாள், பல் தெரிகிறது, சத்தம் இல்லை. நான் எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்டது. விடிந்தால் கன்டெய்னர் லாரி, லைனில் மெஷின், வீட்டில் மாமியாரின் டிவி. பதினோரு வருஷத்தில் சத்தமே இல்லாமல் நான் இருந்தது அந்த நாற்காலியில்தான். அசதி அப்படியே மேலே வந்து விழுந்தது. அதுவரை எங்கே இருந்தது அவ்வளவு அசதியும் என்று தெரியவில்லை. நான் களைத்துப்போயிருக்கிறேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள், மற்றவர்கள் கோட் மாற்றப் போன பிறகு, இன்ஜினியர் பெண் என்னை மட்டும் நிறுத்தினாள். அவளுக்கு மேலேயிருந்து போன் மேல் போன். பன்னிரண்டு நாளாக ஒரு முடிவு சொல்ல முடியவில்லையா என்று யாரோ அந்தப் பக்கத்திலிருந்து கத்தியது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"பேப்பரை விடுங்கக்கா. நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எது புடிச்சிருக்கு?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். டார்கெட் முடிந்ததா, ஓவர்டைம் பார்க்கிறாயா, ஏன் லேட். உனக்கு எது பிடிச்சிருக்கு என்று அந்தக் கம்பெனிக்குள் ஒருத்தரும் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை, போங்கள்.

"வெள்ளைதாம்மா" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பங்குக்கு வெள்ளைதானே, பழுதில்லை என்று எழுந்து வந்திருக்கலாம். நிறுத்தவில்லை. தோட்டுத் திருகைச் சொன்னேன். வேர்வையைச் சொன்னேன். அந்தப் பாடகி மூச்சு இழுப்பதைச் சொன்னேன். கொண்டை போட்டால் வளையம் எங்கே தட்டுகிறது என்று திரும்பி உட்கார்ந்து காட்டினேன். கறுப்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தப் பொம்பளையும் மாட்டமாட்டாள், மாட்டுகிறேன் என்று எழுதியவர்கள் சும்மா எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன். அவள் விடாமல் எழுதிக்கொண்டே போனாள். எழுத எழுத எனக்குப் பெருமையாக இருந்தது, பேச்சு வந்துகொண்டே இருந்தது. "இது போதும்க்கா, என்னைக் காப்பாத்திட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் தென்காசிக்காரி எனக்காக இடம் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் அந்த ரூம் பூட்டியிருந்தது. வெள்ளை முடிவாகிவிட்டது என்று சூப்பர்வைசர் கைதட்டச் சொன்னார். தட்டினோம். லைனில் நின்றோம். மூணு நாள் அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். அவள் தட்டிலிருந்த உறைகளில் பாதியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அதனால் என்ன, நிற்பதை என்னால் இழுத்துக்கொள்ள முடியுமா? நாலாம் நாள் பத்தரை மணி வாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். லைன் நின்றது. ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் நர்ஸ் அவளுடைய நீலக் கோட்டைக் கழற்றினாள். அப்புறம் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு நாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள். மாசக் கடைசி லிஸ்டில் பேர் இல்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் பதறாதீர்கள். ஊரில் நல்லபடியாகப் பெண் பிறந்தது. லைனில் இருக்கிற இன்னொருத்தியின் போனில் படம் பார்த்தேன், தலை நிறைய முடி. என் போனுக்கு வரவில்லை.

ஊருக்குப் போவதற்கு முன்னால், கோட்டையும் கார்டையும் திருப்பிக் கொடுக்க அவள் வந்த அன்று லாக்கர் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். நாலைந்து நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோனது.

"அந்தப் பொண்ணு இன்னா புடிக்கும்னு கேட்டுச்சுடி. வாய்ல வந்துடுச்சு. எனக்கு நெஜமாவே வெள்ளைதான் புடிச்சுது" என்றேன்.

அவள் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கும் வெள்ளதாம்க்கா பிடிச்சிருந்துச்சு. பன்னெண்டு நாளும் கறுப்புக்குத்தான பத்து போட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டு லாக்கர் சாவியை என் கையில் வைத்தாள். செக்யூரிட்டியிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.